மடு வற்றிய வருடம்

கலசப்பாக்கத்தில் இறங்க வேண்டிய நான் திருவண்ணாமலையில் கண்விழித்தேன். வேலூரில் ஏறியதுமே ஜன்னலோரம் இடம் கிடைத்தது, தை மாதத்துக் காற்று வேறு, அதற்குமேல் கண் என்ன செய்யும்? நடத்துநர் மேல் பழியைப் போடப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"தொண்ட கிழிய கத்தினேன் சார். நீங்க வூட்ல படுத்த மாரி தூங்கிக்கினு இருந்தீங்க. நான் இன்னா பண்றது?"

திரும்புகிற பேருந்தில் நிற்கத்தான் இடமிருந்தது. பக்கத்தில் ஒரு பெண், சேவலொன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் டிக்கெட் கேட்ட விதத்தைக் கவனித்துவிட்டு, "நீங்க கேரளாவா?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அங்க இன்னும் சண்ட நடக்குதா?" முடிந்து பல வருடமாகிறது என்றேன். "அப்ப நல்லது" என்று சேவலை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். தமிழ்நாட்டில் நான் போகிற இடமெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் எனக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கும். எனக்கும் பழகிவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறவன். ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அதை முதலில் கேட்டவர்கள் யார், யார் வீட்டில் கூடினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்று தோண்டுவது என் தொழில். அந்நியர் வீட்டுப் பழைய சண்டையை விசாரிக்கிற வேலை என்பாள் என் மனைவி. அந்த விசாரணைக்காகத்தான் சில மாதங்கள் வேலூரில் தங்கிப் படிக்க வந்திருந்தேன். வந்த இடத்தில் ஜெயசீலன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

ஜெயசீலன் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒரு சிறிய சபைக்குப் போதகர். முன்பு நான் பெங்களூரில் ஒரு வருடம் பாடம் எடுத்தபோது என் வகுப்பில் இருந்தவர். வருகிற ஞாயிறு அவர் சபையில் ஞானஸ்நானம். அதற்கு முன்னால் மூன்று நாள் வேதபாட வகுப்பு. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தை, அந்த ஊரின் சூழ்நிலையோடு சேர்த்து நான் நடத்த வேண்டும். "நீங்க சொன்னா ஜனங்க கேப்பாங்க சார்" என்றார். இப்படி யாராவது சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. உடனே ஒப்புக்கொண்டேன்.

கலசப்பாக்கத்திலிருந்து என்னை ஏற்றிய ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றது. ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டினார், ஊதினார், கும்பிட்டார். நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் மலையை முழுதாகப் பார்த்தேன். எங்கள் குடாநாட்டில் மலையும் கிடையாது ஆறும் கிடையாது. நிமிர்ந்து பார்க்க இருப்பது பனைமரம் மட்டும்தான். நெல்வயல் முடிகிற இடத்தில் இப்படியொன்று நீலமாக எழுந்து நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஜெயசீலனின் மனைவி மதியச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். நான் களியை மென்றேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். களியை மெல்லக் கூடாதாம். கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டுமாம். விழுங்கினேன். குழம்பு எங்கள் ஊர்க் காரத்துக்கு ஈடுகொடுத்தது, அதனால் இரண்டாவது உருண்டையையும் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்ட பிறகு கோயிலைக் காட்டினார் ஜெயசீலன். ஓடு வேய்ந்த சிறிய கட்டடம். உள்சுவரில் வரிசையாக ஞானஸ்நானப் படங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடம்தான்: மலைக்கு மேலே, பாறைகளுக்கு நடுவே ஓடை விழுந்து தேங்கி வழிந்தோடுகிற ஒரு மடு. இந்தச் சபையின் முதல் மனிதர்கள் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார்களாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும், ஐப்பசி கார்த்திகை மழையில் மடு நிரம்பி, பொங்கலும் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் மலையேறுகிறது. அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறது. "இவங்களுக்குக் கிறிஸ்துமஸ்கூட அதுக்கு அடுத்ததுதான் சார்" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். சபையில் எஸ்தர் என்று ஒரு விதவை. அவருடைய ஒரே மகன் பிரபு போன பங்குனியில் இறந்துபோனான். ஞானஸ்நானம் பெறவில்லை. பெறாதவர்களைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வதில்லை என்பது இங்கே ஆரம்பத்திலிருந்து இருக்கிற கட்டுப்பாடு. அப்பா கல்லறைத் தோட்டத்தில் கிடக்க, மகனை வயலோரத்தில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு எஸ்தரம்மா கொரிந்தியர் கடிதத்தை வாசித்துக்கொண்டு போகையில் ஒரு வசனத்தில் நின்றுவிட்டார். இறந்தவர்கள் எழுந்திருப்பதே இல்லையென்றால், இறந்தவர்களுக்காகச் சிலர் ஞானஸ்நானம் பெறுகிறார்களே, அது எதற்கு என்று பவுல் போகிறபோக்கில் கேட்கிற இடம் அது. அன்றிலிருந்து அவர் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த ஞாயிறு தன் மகனுக்காகத் தான் மடுவில் இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் அவனை அப்பாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கலாம்.

"சபை மூப்பருங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க. அந்த வசனத்துக்கு அப்டி அர்த்தம் இல்லன்னு நீங்க சொல்லிட்டா, அவங்க மனசு ஆறிடும்."

மகன் ஏன் ஞானஸ்நானம் பெறாமல் இருந்தான் என்று நான் கேட்கவில்லை. இளவட்டம், அக்கறை இல்லாமல் திரிந்திருப்பான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் வகுப்புக்கு முதலில் வந்தவர் எஸ்தரம்மாதான். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். சீசன் காலத்தில் புளி தட்டப் போகிறவராம். மற்ற நாளில் சொந்த நிலத்தில் வேர்க்கடலை. வேதாகமத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, "கொரிந்து இங்கேர்ந்து எவ்ளோ தூரம் சார்?" என்றார். கப்பலில் போனால் பல நாள் என்றேன். "அவ்ளோ தூரத்துல எழுதினது நமக்கு வந்துக்குது பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

முதல் நாள் வகுப்பு அருமையாகப் போனது. கொரிந்து துறைமுகப் பட்டினம், சுமை தூக்குகிறவர்களும் அடிமைகளும் கடைக்காரர்களும் ஒரே சபையில் இருந்தார்கள், வசதியுள்ளவர் வீட்டில்தான் கூடிச் சாப்பிட்டார்கள் என்றேன். வேலை முடிந்து ஏழைகள் வந்து சேருவதற்குள் வசதிக்காரர்கள் தின்று குடித்து முடித்திருப்பார்கள், பவுலுக்கு அதில்தான் கோபம் என்றேன். பின்வரிசையில் ஒருவர், "நம்ம ஊரு கல்யாணத்துலயும் அதான சார் நடக்குது, கடேசிப் பந்திக்கு ரசம்தான் மிச்சம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடத் தவணை முழுக்கக் கத்தினாலும் ஏறாத விஷயம் இது. அன்று மாலை நான் மிகுந்த திருப்தியோடு தேத்தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் நாள்தான் அந்த வசனம்.

எனக்கு அதில் பொய் சொல்ல முடியவில்லை. ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் நேராக வாசித்தால், ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன தங்கள் மனிதர்களுக்காகக் கொரிந்தில் சிலர் தாங்களே இன்னொரு தரம் பெற்றிருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது. பவுல் அதைச் செய்யச் சொல்லவும் இல்லை. பிற்காலத்துச் சபைகள் அதை ஏற்கவும் இல்லை. இதை இப்படியே சொன்னேன்.

எஸ்தரம்மா கையை உயர்த்தினார். "பவுல் அவங்கள திட்னாரா சார்?"

"இல்லை அம்மா. திட்டேல்லை."

"மத்ததுக்கெல்லாம் திட்னாரு. நேத்து சாப்பாட்டுக்குத் திட்னாரு."

"ஓம். இதுக்குத் திட்டேல்லை."

"போதுங்க சார்" என்று முகம் மலர்ந்து உட்கார்ந்தார்.

மூப்பர் ஞானமணி எழுந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், குரல் கணீரென்றிருந்தது. "அது அந்தக் காலம் சார். இங்க அதெல்லாம் ஆவாது" என்றார். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் அவருக்கு ஆமாம் போட்டார்கள். எஸ்தரம்மாவின் பக்கத்திலிருந்த பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். சத்தம் கூடியது. ஜெயசீலன் என்னைப் பார்த்தார்.

பேச்சை வேறு பக்கம் திருப்புவோம் என்று நினைத்தேன். இறந்தவர்களை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசினால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். ஆதிச் சபைகளில் ஞானஸ்நானம் எப்படி நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். வேதாகமத்துக்குள் இடம் கிடைக்காத, ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் எழுதிய ஒரு சின்னக் கைநூல் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் ஞானஸ்நானம் கொடு என்கிறது அது. அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு. குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் வெந்நீரில் கொடு. எதுவுமே போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று, அதுவே சரி.

"நல்லகாலம் அப்பிடி எழுதி வைச்சினம்," என்று சிரித்தேன். "எங்கட யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை, எல்லாம் கிணத்துத் தண்ணிதான். ஓடுற தண்ணிதான் வேணுமெண்டா எங்களில ஒருத்தரும் கிறிஸ்தவராகியிருக்கேலாது."

யாரும் சிரிக்கவில்லை. என் பேச்சு விளங்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தேன். மூப்பர் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் எல்லாரும் எஸ்தரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார்.

"கொடத்துத் தண்ணி போதுமா சார்?"

"போதும் எண்டுதான் எழுதியிருக்கு அம்மா."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"படிச்ச ஆக்களுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் தரையைப் பார்த்தார். எஸ்தரம்மா வேதாகமத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினார். பையின் வாயை மடித்துக் கட்டினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

வகுப்பு கலைந்த பிறகு கோயிலுக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்போதுதான் ஜெயசீலன் மீதியைச் சொன்னார். பிரபு அக்கறையில்லாமல் திரிந்தவனல்ல. மலையிலிருந்து புளியும் பலாவும் ஏற்றிச் செங்கத்துக்கும் திருப்பத்தூருக்கும் மினி லாரி ஓட்டினவன். தானாகவே வந்து ஞானஸ்நானம் கேட்டான். ஆயத்த வகுப்பெல்லாம் முடித்தான். புது வேட்டி சட்டைகூட எடுத்து வைத்திருந்தான். ஆனால் அந்த வருடம் மழை பெய்யவில்லை. மடுவில் தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. சபை கூடித் தள்ளி வைத்தது. மாசியில் ஒரு மழை வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. பங்குனியில் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவொன்றில் பிரபுவின் வண்டி கவிழ்ந்தது.

"இந்த ஐப்பசில கொட்டு கொட்டுனு கொட்டுச்சி சார்" என்றார். "மடு ரொம்பி வழியுது."

"அப்ப அந்தக் கைநூல் உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ?"

"இருந்துது சார். நீங்க நடத்தினதுதான். நல்லா ஞாபகம் இருந்துது." ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நான் உறுதியா நின்னிருக்கணும். தப்பு என்னுது" என்றார்.

ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். அவரிடம் மிச்சமிருந்ததையும் நான் பிடுங்கிவிட்டேன். மழை பெய்யவில்லை, கடவுள் சித்தம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தவரிடம், ஒரு குடம் தண்ணீர் போதுமாக இருந்தது என்று சொல்லி, அதற்கு ஒரு நகைச்சுவையும் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறில்லை.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் எஸ்தரம்மாவின் நிலத்துக்கு நடந்தோம். வேர்க்கடலைக்கு நடுவே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் தட்டிவிட்டு வந்தார். வயலோரம் ஒரு மண்மேடு. சுற்றிக் கல் பதித்து, மேலே சுத்தமாக வைத்திருந்தார். சிலுவை இல்லை. வைக்கலாமா கூடாதா என்று மூப்பர்கள் இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

"உக்காருங்க சார்" என்று சாக்கொன்றை விரித்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"உங்க அம்மா கீறாங்களா சார்?"

"இல்லை அம்மா. சண்டைக் காலத்தில, இடம்பெயர்ந்து போற வழியில செத்தவா."

"எங்க பொதச்சீங்க?"

"ரோட்டுக்கரையில. பிறகு போய்த் தேடினனான். எந்த இடமெண்டு பிடிபடேல்லை."

"அய்யோ" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். களை பிடுங்கிய கை, மண்ணோடு சொரசொரத்தது. "எனக்காவது இங்கதான்னு தெரியுது" என்றார். அவர் ஆறுதல் சொல்ல, நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது ஜெயசீலன் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வாங்கம்மா. மடுவுல நான் குடுக்கிறேன். பிரபு பேரச் சொல்லியே குடுக்கிறேன். யாரு இன்னா சொன்னாலும் சரி."

"சமையலுக்கு வரணும் இல்ல" என்று மட்டும் சொன்னார் எஸ்தரம்மா.

மூன்றாம் நாள் வகுப்புக்கு அவர் வரவில்லை. வந்தவர்களும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்கள். அன்பைப் பற்றிய புகழ்பெற்ற அதிகாரத்தை நடத்தினேன். அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நான் நடத்தியதிலேயே மோசமான வகுப்பும் அதுதான். மத்தியானம் மூப்பர் ஞானமணி ஜெயசீலனின் வீட்டுக்கு வந்து, வயலோரம் பேசிய விஷயம் காதுக்கு எட்டிவிட்டது என்றார். அப்படி ஏதும் நடந்தால் ஜெயசீலன் வேறு சபையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். இதைச் சொன்னபோது அவர் கோபமாகவே இல்லை. தானும் பிரபுவைப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவன்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஜெயசீலனின் மனைவி அன்று ஆட்டுக்கறி சமைத்திருந்தார். எங்கள் இருவர் தட்டிலும் அது அப்படியே இருந்தது.

ஞாயிறு காலை இரண்டு வேன்கள் வந்தன. பாத்திரம், அரிசி, விறகு, பிள்ளைகள், டோலக், எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு மலையேறினோம். எங்கள் வேன் பாதி ஏற்றத்தில் சூடாகிப் புகைவிட்டது. ஆண்கள் இறங்கிக் கல்லை முட்டுக்கொடுக்க, பெண்கள் இறங்கி நடந்தார்கள். ரேடியேட்டருக்கு ஊற்றக் கீழே ஓடையில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஊரெல்லாம் தண்ணீர். பாறையிடுக்கிலெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

மறுபடி ஏறிப் புறப்பட்டதும் பாட்டு ஆரம்பித்தது. ஒரு வளைவுக்கு முன்னால் அது தானாக நின்றது. ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார். எஸ்தரம்மா எனக்கு முன் இருக்கையில் பெரிய குண்டானை மடியில் வைத்திருந்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, குண்டானை இறுகப் பிடித்துக்கொண்டார். வளைவு தாண்டி வெகுதூரம் போன பிறகும் யாரும் பாடவில்லை.

மடு, படத்தில் பார்த்ததைவிடச் சிறியது. அழகானது. மேலே பாறையிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. மலைமேலுள்ள ஊர்களிலிருந்து சில குடும்பங்கள் நடந்தே வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். சாமை அரிசி ஒரு குண்டானில், கோழி இன்னொன்றில். எஸ்தரம்மா சாமையைக் கிளற நின்றார். பழைய புடவைதான் கட்டியிருந்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள்.

ஜெயசீலன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொருவராகப் போனார்கள். கையைக் கட்டி, மூக்கைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, முழுகி எழுந்தார்கள். எழும்போதெல்லாம் கரையில் பாட்டு எழுந்தது. தாய்மார் துண்டோடு காத்திருந்து போர்த்தினார்கள். கடைசி ஆளும் ஏறியாயிற்று. ஜெயசீலன் மட்டும் ஏறவில்லை. தண்ணீருக்குள் நின்றபடி அடுப்புப் பக்கம் பார்த்தார்.

"எஸ்தரம்மா" என்று கூப்பிட்டார். "வாங்க."

பாட்டு நின்றது. மூப்பர் ஞானமணி ஓரடி முன்னால் வந்து, நின்றுவிட்டார். எஸ்தரம்மா கரண்டியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரோரம் வந்தார். ஜெயசீலன் கையை நீட்டினார். இறங்கிவிடுங்கள் அம்மா, இறங்கிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். இத்தனை வருடம் படித்ததையெல்லாம் அந்த நேரத்தில் தூக்கியெறிந்திருப்பேன்.

அவர் வெகுநேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வோணாங்க அய்யா" என்றார். "அவன் எங்க கீறானோ அங்கயே இருக்கட்டும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா, என்னையும் அவன் பக்கத்துல போட்ருங்க. கல்லறத் தோட்டத்துல வோணாம்." பிறகு, "மேல வாங்க, வெறைக்கிது பாருங்க உங்களுக்கு" என்று குனிந்து கை கொடுத்து அவரை ஏற்றிவிட்டார். யாரோ ஒரு தாய் வைத்திருந்த துண்டை வாங்கி அவருடைய தோளில் போட்டார்.

சாப்பாடு பாறைமேல் வரிசையாக நடந்தது. மந்தார இலையில் சாமைச்சோறு. எனக்குப் பக்கத்தில் ஜெயசீலன், துண்டு போர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். எஸ்தரம்மா சோற்றுக் குண்டானோடு எங்களிடம் வந்தார். எனக்குப் போட்டுவிட்டு, குண்டானைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கொரிந்துல, செத்தவங்களுக்காக முழுக்கு எடுத்தாங்கன்னீங்களே. அந்தச் செத்தவங்க ஏன் எடுக்காமயே போய்ட்டாங்க? அங்கயும் மழ இல்லீங்களா?"

அந்த வசனத்தைப் பற்றி நான் வாசித்தவை ஒரு அலுமாரி நிறைய இருக்கும். ஒன்றில்கூட இந்தக் கேள்வி இல்லை.

"தெரியாது அம்மா" என்றேன். "ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

அவர் தலையாட்டினார். "மடு வத்தினப்பவே பாஸ்டரய்யா சொன்னாரு சார். சர்ச்சுக்குப் பின்னால சிமெண்டுத் தொட்டி கீது, அதுலயே குடுத்துடலாம்னு. பிரபுவும் செரின்னுட்டான். நாந்தான் வுடல. மாடு குடிக்கிற தொட்டிலயா எம்புள்ள எறங்குவான்னு கேட்டேன். அவங்கப்பா எறங்கின மடுவுலதான் எறங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

"எஸ்தரம்மா, வுடுங்க" என்றார் ஜெயசீலன்.

"அங்கயும் என்ன மாரி ஒருத்தி இருந்திருப்பா சார்" என்று சொல்லிவிட்டு, எஸ்தரம்மா குண்டானைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குச் சோறு போடப் போனார்.